பொருத்தம்

பதினொரு வருசமாகத் தேடுகிறார் தரகர் கொளந்தசாமி.
வெள்ளக்கோயில், மூலனூர், சென்னிமலைக்கு அக்கட்டால வரைக்கும்
மொபெட் தேய, ஜாதகக் கட்டின் ஓரம் தேய.
கூட்டம் கேட்டு, காடு எத்தனை ஏக்கரா கேட்டு,
கெணத்துத் தண்ணி எத்தனை நாழி ஓடும் கேட்டு,
பத்துக்கு எட்டுப் பொருந்தினால்
ஒன்பதாவதாகக் கோழி நாத்தம் குறுக்கே வரும்.

விளையாட்டுக்குப் பதினேழு நொடி போதும்.

பல்லடத்துக்குத் தெற்கே ராத்திரி ரெண்டு மணி.
ஆறாயிரம் குஞ்சுகள் ஒட்டுக்காக் கீச்சிடும் கொட்டகை.
வெப்பமானி முப்பத்திரண்டு காட்டினால்
அரைமணி நேரம் என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.
அதற்குள் நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறோம்.

என் நட்சத்திரம் அதற்கு வேண்டாம்.
செவ்வாய் எந்தக் கட்டத்தில் நின்றால் என்ன.
வலது பெருவிரல் எவ்வளவு பிந்துகிறது,
பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவேன்
(எப்போதும் இடப்பக்கம்),
தோட்டா தீர்ந்தது தெரியாமல்
எத்தனை தடவை அழுத்துவேன்
எல்லாம் எங்கோ எழுதியிருக்கிறது.
கூட்டிக் கழித்து ஒரு பேரும் கொடுத்தது:
தங்கம், மூன்றாம் படி.
இரண்டு வருசமாக அதே படி.
ஒரு வாரம் ஏறுவேன். மறுவாரம் கையைப் பிடித்து
அதே இடத்தில் உட்கார வைக்கும்.

ஊருக்குள் நான்தான் கெட்டிக்காரன்.
பேக்கரியில் பாலிடெக்னிக் பசங்க
தேங்காய் பன்னைக் கடித்தபடி
என் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள்.
அந்தத் தெம்பில்
பெருந்துறை மண்டபத்தில் போட்டி என்றதும் போனேன்.
நாற்பது நொடி.
சுட்டது பவானிக்காரப் பிள்ளை, ஒன்பதாவது படிக்குதாம்,
சுட்டுவிட்டு மிச்ச முறுக்கை எடுத்துக்கொண்டது.
அதைச் சங்ககிரிக்காரன் ஒருவன் சுட்டான்.
அவனையும் யாரோ சுட்டிருப்பார்கள்,
நான் அதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம் ஒரு கணக்கு:
எனக்குக் கீழே சில லட்சம். மேலே சில லட்சம்.
நடுவில் நிற்பது கேவலமில்லை,
எடுத்துச் சொல்லும்படியும் இல்லை.

"காடும் கோழியும் சரிங்க மாப்ளே,
வேறென்ன கைவசம்?" என்றார் கொளந்தசாமி ஒருநாள்.
வாய் தவறி, "தங்கம் மூணுங்க" என்றேன்.
"மூணு பவுனா?
வெளிய சொல்லீராதீங்க சாமி,
வர்ற எடமும் போயிரும்."

மாதுளை ஏழு என்று ஒரு பேர்.
ஆணோ பெண்ணோ, வெள்ளக்கோயிலோ விசாகப்பட்டினமோ.
மாசத்துக்கு நாலைந்து தடவை எதிரே வரும்.
இடப்பக்கம்தான் ஓடும்.
புல்லுக்குள் படுத்தால்
என்னைப் போலவே முழங்கால் வெளியே தெரியும்.

நேற்று நூறு பேரில் மிஞ்சியது
அதுவும் நானும்.
வட்டம் சுருங்கிக் களத்துமேட்டு அளவுக்கு வந்திருந்தது.
நடுவில் ஒரு மரம், பத்தடித் தூரம்.
நான் சுட்டேன். படவில்லை.
மாதுளை ஏழு சுட்டது. படவில்லை.
மறுபடி. மறுபடி.
காயமெல்லாம் மரத்துக்குத்தான்.
தோட்டா தீர்ந்து, தீர்ந்தது தெரியாமல்
இருவரும் வெறும் விசையை அழுத்திக்கொண்டு நின்றோம்.
இத்தனை கோடிப் பேரில்
குண்டுமணி கூடாமல் குறையாமல்
என்னளவே கைவராத ஒரு கையை
எந்தப் பஞ்சாங்கம் கண்டுபிடிக்கும்?

அது ஒருமுறை குனிந்து எழுந்தது.
நானும் குனிந்து எழுந்தேன்.
வட்டம் வந்து எரித்தது.
யார் முந்திச் செத்தது என்பதில் மயிரிழை வித்தியாசம்,
வெற்றி மாதுளைக்கு.

நண்பராகச் சேர்க்கவா என்று ஒரு கட்டம் வந்தது,
ஐந்து, நான்கு என்று எண்ணிக்கொண்டே.
கொட்டகைப் படுதா ஒன்று காற்றில் அவிழ்ந்து
குஞ்சுகள் அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடின.
திரும்பிப் பார்த்துவிட்டு அழுத்தினேன்.

பிந்திவிட்டது.

எழுந்துபோய்ப் படுதாவைக் கட்டினேன்.
வெப்பமானி இருபத்தொன்பது.