எஞ்சியவள்

ஏழாம் வார்டிலிருந்து வந்த குழாயில்
பச்சை மசியில் பெயர்: நால்வோகா.
முப்பத்தொரு வாரம். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லையாம்.
கணவனின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு
வாடகை பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து
முலாகோ மேடேறி வந்திருக்கிறாள்.

என் பொறுப்பு ரத்தம் மட்டும்.
அவளுக்கு மாடியில் மக்னீசியம் சொட்டுகிறது,
எனக்கு இங்கே உறைபெட்டி உறுமுகிறது.
வெளியே குப்பைத்தொட்டி மேல் மராபூ நாரைகள்,
வழுக்கைத் தலையோடு,
வாய்தா கொடுத்துக் களைத்த நீதிபதிகள் மாதிரி.

கருப்பைச் சுவரில் சில அணுக்கள் உண்டு.
கொல்லிகள் என்று பெயரிட்டவர்கள்
அவற்றை வேறெங்கோ, வேறு வேலையில் பார்த்திருப்பார்கள்.
இங்கே அவை மண்வெட்டி பிடிக்கின்றன.
சுருண்டு குறுகிய நாளங்களை
வாய்க்காலாய் அகட்டிவிடுகின்றன
பிள்ளைக்குப் பாய.
வெட்டும் முன் ஒரு விசாரணை:
நஞ்சுக்கொடியில் பொறித்திருக்கும் தகப்பன் எழுத்தை
விரலால் தடவிப் பார்க்கும்.

விரல்கள் ஆளுக்கு ஆள் வேறு.
எத்தனை, எது நீளம், எது மொட்டை,
பக்கத்து வீட்டோடு பொருந்தாது.
நால்வோகாவுக்குத் தாய்வழியும் தந்தைவழியும்
ஒரே சிக்கனமான தொகுதி;
அநேகமாய் 'நில்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.
பிள்ளையின் எழுத்து
அந்த 'நில்'லை உரக்கச் சொல்லவைக்கும் வகையோ?
சந்தேகம்தான். தகப்பன் குழாய் இன்னும் வரவில்லை.
வாய்க்கால் மட்டும் பாதியில் நிற்கிறது.

எத்தனை தாய்மாரை எடுத்திருக்கும் இந்தத் தொகுதி,
ஏன் இன்னும் இருக்கிறது?
ஒருவேளை என்றோ ஒரு கொள்ளைக் காய்ச்சலில்
இதே விரல்காரிதான் பாயை உதறி எழுந்து
தண்ணீருக்குப் போயிருப்பாள்.
பேற்றில் விட்டதைக் காய்ச்சலில் பிடித்து,
காய்ச்சலில் விட்டதைப் பேற்றில்…
பார்த்தவர் யாருமில்லை.
ஆயிரமாயிரம் வருஷமாய்க் கயிறு இழுபடுகிறது,
இரண்டு பக்கமும் கை காய்த்துப்போய்.

என் பெயர் அடோங்.
எங்கள் அச்சோலியில்
அப்பன் செத்தபின் பிறந்தவள், எஞ்சியவள்.
இருந்த ஒரே படமும் முகாமில் குடிசையோடு போயிற்று.
அவர் மூக்கு எப்படி என்றால்
அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு மூக்கு சொல்வாள்.

போன கிறிஸ்துமஸுக்கு
அம்மாவின் எச்சிலைக் குச்சியில் எடுத்துவந்து
என்னுடையதோடு ஓட்டினேன். விதிப்படி தப்பு.
என்னிலிருந்து அம்மாவைக் கழித்தேன்.
மிஞ்சியது ஓர் எழுத்து,
அதே உரத்த வகை.

ஆக, அம்மாவின் கொல்லிகள்
இருட்டில் அவரைத் தடவிப் பார்த்திருக்கின்றன.
எனக்கு வாய்க்காத சந்திப்பு.
பார்த்துவிட்டு, மண்வெட்டியைக்
கீழே வைக்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கதவை யாரோ தட்டினார்கள்.
'செபுலிபா. ஏழாம் வார்டு.
என் ரத்தமும் வேணும்னாங்க.'
சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தார்.
சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள்,
ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச்
சூடேற்றிக்கொண்டு.