முப்பத்தோரு கம்பம்

கிராடக்கில் வந்து இறங்கியது ஏப்ரல் கடைசி.
மருந்துக்கடை வேலை, தகரக் கூரை வீடு,
பெட்டிகளோடு பெட்டியாய் என் துப்பாக்கி.
இரண்டாவது வாரமே கிளப்பில் பிடித்துக்கொண்டார்கள்:
"பதினெட்டு வருஷம் வேட்டையாடியவராமே, மிஸஸ் மூட்லி.
புதிதாய் மூன்று பேர். நீங்கள் பழக்குங்கள்."
சரி என்றேன்.
இந்த ஊரில் பால் எங்கே கிடைக்கும் என்பதுகூட
அன்று எனக்குத் தெரியாது.

நான் சுட்டதெல்லாம் உம்சிண்டோவில்,
கரும்பும் காடும் உரசிக்கொள்ளும் இடத்தில்.
நாற்பது அடி, மிஞ்சினால் அறுபது.
ஈரத்தில் சருகு வாய் திறக்காது.
கதவைத் திறந்ததும் நிற்கும் விருந்தாளி போல
எதிரே நிற்கும் புதர்மான்.

இங்கே முழங்காலுக்கு மேல் ஒரு செடி கிடையாது.
மிதித்தால் தரை அப்பளமாய் நொறுங்குகிறது,
அடுத்த பண்ணை வரை கேட்கிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாலு காற்று படித்திருந்தேன்.
தெற்கே தென்றல், வடக்கே வாடை,
கிழக்கே கொண்டல், மேற்கே கோடை.
முதல் வகுப்பில் பெருமையாய் அதைத்தான் எடுத்துவிட்டேன்.
மறுநாளே மலைப்பனியைத் தூக்கிக்கொண்டு வந்து
காதைக் கடித்தது தென்றல்.
வாடை வீசிய அன்று ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே
"மிஸஸ், உங்கள் காற்று தலைகீழாய் நிற்கிறதே" என்றார் சாரெல்.
லாரி ஓட்டி ஓய்ந்தவர், வயது அறுபத்தொன்று,
சிரித்தால் தொப்பைதான் முதலில் சிரிக்கும்.

டீன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான்.
அவன் துப்பாக்கிக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை.

நொம்ஃபுண்டோ சாலைத்துறைக்கு வேலி நடுபவள்.
ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள்.
அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூன். பண்ணைக்காரர் விட்டுக்கொடுத்த ஒரே ஒரு ஸ்பிரிங்பக்.
விடிந்தும் விடியாத வெளிச்சத்தில்
தனியாய் ஒரு கிடா, பக்கவாட்டில்.
"நூற்றைம்பது மீட்டர்," அவள் காதில் சொன்னேன்.
அவள் துப்பாக்கியை இறக்கினாள்.
வேலியைப் பார்த்தாள். உதடு அசைந்தது.
"முப்பத்தோரு கம்பம்.
கம்பத்துக்குக் கம்பம் பத்து மீட்டர். நான் நட்டது."

ஈரமில்லாத காற்று
தூரத்தை அள்ளிப் பக்கத்தில் வைத்துவிடுகிறது.
குண்டு ஒரு முழம் தாழ்ந்திருக்கும்.
முன்னங்கால் முறிந்திருக்கும்.
மூன்று காலில் அது எந்த மலை வரை போயிருக்கும் என்று
ராத்திரிகளில் இன்னும் கணக்குப் போடுகிறேன்.

சாரெல் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பையும்தான்.
"எனக்குத் தெரியவில்லை" என்றேன் ஆங்கிலத்தில்.
பிறகு, யாருக்கென்று தெரியாமல், தமிழில் ஒருமுறை.

முழங்கையால் ஊர்ந்தோம்.
அவள் முன்னால், நான் பின்னால்,
கடைசியில் லாரி போல மூச்சு வாங்கிக்கொண்டு சாரெல்.
பதினான்காம் கம்பத்தில் அவள் கை உயர்ந்தது.
பாதி மூச்சை விட்டு நிறுத்து என்று மட்டும் சொன்னேன்,
அது கரும்பிலும் கல்லிலும் ஒன்றுதான்.

ஒரு வெடி.

கத்தி எனக்குத் தெரியும்.
எங்கே கீறுவது, எந்த இடத்தில் கத்தியை விட்டு
விரலை நம்புவது, ஈரலின் நிறத்தில் நோயைப் படிப்பது,
எல்லாம் காட்டினேன். சாரெல் குறித்துக்கொண்டார்.
அதற்குள் கிடாவின் முதுகில் ஒரு மடிப்பு தானாய்ப் பிளந்து
வெள்ளை மயிர் விசிறியாய் விரிந்தது.
பதறிப் பின்வாங்கியது நான்தான்.
"மூக்கை வையுங்கள், சீக்கிரம், போய்விடும்" என்றாள்.
வைத்தேன்.
தேன்.
"உனக்கு எப்படி?"
"நெடுஞ்சாலையில் அடிபட்டதை இழுத்துப் போடுவதும்
என் வேலைதான், மிஸஸ்."

அன்றிரவு ஈரலில் டர்பன் மசாலா.
சாரெலுக்குக் கண்ணீர் வழிந்தது, தட்டை மறுபடி நீட்டினார்.
புரட்டாசிக்கு இன்னும் மூன்று மாதம் என்று
நானும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை இருமல் மருந்துக்கு வந்த ஒருவர்
என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார்.
"ஸ்பிரிங்பக்கா? எவ்வளவு தூரம்?"
"பதினான்கு கம்பம்."
தலையை ஆட்டினார்,
இருமினார், சில்லறை எண்ணினார்.