நாலு திருகாணி

முத்தியால்பேட்டை, மணிக்கூண்டுக்குப் பின்சந்து.
டியூப்லைட்டுக்குக் கீழே மேசைமேல்
குப்புறக் கிடக்கிறது என் பேஸ் கிட்டார்.
முதுகு முழுக்க பெல்ட் பக்கிள் உரசிய தழும்பு.

"தேய்ச்சு எடுத்துடலாம்" என்கிறார் பீர்முகம்மது.
"மரம் தெரியச் சுரண்டிப் புதுசா பெயின்ட்.
புது ஃப்ரெட், புது பிக்கப், குரோம் பூசின பிரிட்ஜ்.
பதினெட்டாயிரம்.
மேடையில நின்னா
நேத்து வாங்கினதுன்னு சொல்லுவாங்க."

கூட வந்த ட்ரம்மர் இன்பவள்ளி
என் முழங்கையைக் கிள்ளி
வாசலுக்கு இழுக்கிறாள்.
"கை வைக்க விடாதே.
துருவோட இருந்தாத்தான் விலை.
பெங்களூர்ல ஒருத்தர் வாங்கிக்
கண்ணாடிப் பெட்டியில வைப்பார், ஏசி போட்டு."

எனக்குச் சனிக்கிழமை
பண்ருட்டியில் ரிசப்ஷன்.

இதன் நிறம் என்ன என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
வாங்கும்போது பச்சை என்று நினைத்தேன்.
வால்யூம் குமிழைக் கழற்றிய இடத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலம்.
நீலத்தின்மேல் வார்னிஷ் மஞ்சளித்து மஞ்சளித்து
நாற்பது வருஷத்தில் பச்சை.
சரி, திருப்புவது என்றால்
எந்த வருஷத்துக்குத் திருப்புவது?
யாரும் தொடாத முதல் நாளுக்கா?
அன்று இது யாருடையதும் இல்லை.

கடலோரத் தெருக்களில் பழைய வீட்டை இடித்து
அதே மாதிரி பழைய வீடு கட்டி
மஞ்சள் அடித்து ஓட்டல் ஆக்குகிறார்கள்.
திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிக்
கல்வெட்டைத் துடைத்துவிட்ட மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன்,
வெளுத்துப்போய், கேட்டால் பதில் இல்லாமல்.
அதற்காக
வௌவாலுக்கு விட்டுவிடவும் மனசில்லை.

முன்பக்கம், பிக்கப்பின் ஓரத்தில்
கட்டைவிரல் ஊன்றி ஊன்றி ஒரு குழி.
என் விரல் அதில் ஆடுகிறது.
பெரிய கை.
குருசுக்குப்பத்தில் இதை விற்ற பெண்மணி
"எங்க அண்ணன் அந்துவான் வாசிச்சது"
என்பதற்குமேல் பேசவில்லை.
பணத்தை இரண்டு தடவை எண்ணினாள்.

"முதல்ல கழுத்தைக் கழட்டிப் பாருங்க" என்றேன்,
முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போட.

நாலு திருகாணி.
மூன்று சொன்னதும் வந்தது.
நாலாவது உப்பில் இறுகி
மண்ணெண்ணெய் குடித்துவிட்டு வந்தது.
கழுத்து உட்கார்ந்திருந்த பள்ளத்தின் அடியோரம்
எட்டாக மடித்த ஒரு பஸ் டிக்கெட்.
ரோஸ் நிறம். கடலூர் - பாண்டி.
தேதி போயிருந்தது, மூன்று ரூபாய் சொச்சம் இருந்தது.

பீர்முகம்மது சிரித்தார்.
"முட்டுக் குடுத்திருக்கான்.
கழுத்து ஒரு மயிரிழை சாஞ்சாத்தான்
கம்பி விரலுக்கு இறங்கும்."

கச்சேரிக்கு இன்னும் அரைமணி.
கம்பி உயரம், கைவலி.
சட்டைப்பையைத் துழாவியிருக்கிறான் அந்துவான்.
எந்தப் பெட்டியிலும் வராத,
எந்த விலைப்பட்டியலும் அசல் என்று சொல்லாத காகிதம்.
இத்தனை வருஷம் இதன் ஒலி
அதன்மேல்தான் நின்றிருக்கிறது.

விரல் பட்டதும் பொடிந்தது.
ஐயோ என்றது இன்பவள்ளிதான்,
நான் இல்லை.

பெயின்ட்டைத் தொடாதீங்க, பாய்.
பிரிட்ஜைத் துரு போக ஊறவைங்க.
பள்ளம் விழுந்த முதல் அஞ்சு ஃப்ரெட்டை மட்டும் மாத்துங்க.
பழசைக் கவர்ல போட்டுத் தாங்க.
எதுக்கு என்றார்.
தெரியாது என்றேன்.

முட்டுக்கு அவர் அட்டை தேடினார்.
நான் கைப்பையைத் திறந்தேன்.
காலையில் ஓ.டி.யில் ஏறியது.
மெஷின் டிக்கெட், வெள்ளை, வழுவழு,
எழுத்து இப்போதே மங்கத் தொடங்கியிருந்தது.
எட்டாக மடித்து வைத்து முடுக்கினோம்.

தடித்த கம்பியைத் தட்டினேன்.
மேசைமேல் கிடந்த ஸ்க்ரூ எல்லாம்
ஓர் அடி தள்ளி உட்கார்ந்தன.
ஆனாலும் கம்பி உயரம்தான்.

"காகிதம் மெலிசு, இன்னொண்ணு வேணும்" என்றார்.

திரும்பிப் போகும்போது
வாங்கத்தானே போகிறேன்.