எடைத்தாளில் ஒரு வரி

அபர்டீன். டைஸ் ஓடுதளம். இரவு ஒன்பது ஐம்பது.
எல்ஸ்பெத் எடைத்தாளை விளக்கடியில் பிடித்து வாசிக்கிறாள்:
சால்மன் மீன், நானூற்றுப் பத்து.
எண்ணெய்க் கிணற்றுக் கம்பெனியின் இரும்புத் துண்டுகள், இருநூறு.
காசோலை, பதினொன்று.

"பதினொன்றா? பையையும் சேர்த்தா?"
"பையையும் சேர்த்து."

நான் வேலைக்கு வந்த வருடம் அது முந்நூறு கிலோ.
வெள்ளிக்கிழமையென்றால் இன்னுமோர் அறுபது.
இரண்டு பேர் முக்கித்தான் வாலறைக்குள் தள்ளுவோம்,
முகம் தெரியாதவர்களின் கையெழுத்துகளை:
பல் கட்டிய கூலி, ஆட்டுத் தீவனம்,
பிரிந்துபோன மனைவிக்கு மாதாமாதம்,
படகுக்குப் பூசிய சாயத்துக்குப் பாதி,
மீதி பிறகு.

வால் இப்போது லேசாகிவிட்டது.
விமானத்துக்கும் தலைக்கனம் ஆகாதாம்.
ஆகவே பதினொன்றுக்குப் பக்கத்தில்
ஆறு மணல் மூட்டைகளை அடுக்குகிறேன்.
மணல் தெற்கே போய், காலையில் திரும்பி வரும்.
காசோலையிலும் சிலது திரும்பி வரும்,
அது வேறு கதை.

வேறு கதை இல்லை, என் கதைதான்.

முதல் குளிர்காலம். வாடகை முந்நூற்று எண்பத்தைந்து பவுண்.
கணக்கில் இருந்தது பத்தொன்பது.
டால்கார்னோ வாசலில் நின்றார், தொப்பியைக் கழற்றாமல்.
எழுதிக் கொடுத்தேன். குகதாசன் என்று
வழக்கத்தைவிட அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.
புதன் காலை அவர் வங்கியில் போட்டார்.
புதன் இரவு பை என் தோளில்.
முத்திரை எண்கூட நினைவிருக்கிறது, சொல்லமாட்டேன்.
உள்ளே எங்கோ என் தாள்,
ஓர் ஊர் மக்களின் நாணயத்தோடு உரசிக்கொண்டு.
என் பொய்யை நானே தூக்கி ஏற்றினேன்,
அதற்கு மணிக்கணக்கில் கூலியும் வாங்கினேன்.

அப்போதுதான் கடல் எழுந்து வந்தது.
ஹார் என்பார்கள் இங்கே, கடற்பனியை.
முதலில் ஓடுதள விளக்குகளைத் தின்றது,
பிறகு வேலியை,
பிறகு என் கையை.
விமானி ஃபெர்கஸ் இறங்கி வந்து,
"இன்றைக்குக் கடல்தான் முதலாளி" என்று தேநீர் கேட்டார்.
பை கூண்டுக்குத் திரும்பியது.
வெள்ளி காலை கேட்கவேண்டியதைத்
திங்கட்கிழமைதான் கேட்டார்கள்.
வெள்ளி பின்னேரம் சம்பளம் விழுந்திருந்தது.
டால்கார்னோவுக்கு இன்றுவரை தெரியாது.

இனிப் படம் பிடித்தால் போதுமாம்.
தாள் மேசையை விட்டு எழும்பவே வேண்டாமாம்,
அதன் நிழல் லண்டனுக்கு முன்பே போய்விடுமாம்.
நல்லது. மை காயுமுன் கேட்பார்கள், இருக்கிறதா என்று.
எழுதியவனுக்கும் காசுக்கும் நடுவே கிடந்த
அந்த ஓர் இரவை
எந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள்?

கம்பெனியின் கடிதம் உணவறைக் கதவில் ஒட்டியிருக்கிறது:
மார்ச் வரை ஒப்பந்தம், பிறகு பார்க்கலாம்.
எங்கள் பாஷையில் "பார்க்கலாம்" என்றால் இல்லையென்று பொருள்.
இவர்கள் பாஷையில் என்னவென்று
பன்னிரண்டு வருடமாகியும் பிடிபடவில்லை.
ஃபெர்கஸ் மீனை மட்டும் ஓட்டுவேன் என்கிறார்.
மீன் ஒருபோதும் பணமில்லாமல் திரும்பாது என்கிறாள் எல்ஸ்பெத்.
எனக்குச் சீட்டுக் கிழியுமா, நீளுமா?
மணலுக்கு ஆள் வேண்டித்தானே இருக்கும்?

இன்றிரவு வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது.
பீட்டர்ஹெட் பக்கம்வரை விளக்குகள் தெரிகின்றன.
அந்தப் பதினொன்று கிலோவுக்குள்
யாரோ ஒருவர் சன்னலைத் திறந்து
கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வலைக் கொக்கியை மாட்டுகிறேன்.
கழற்றிவிட்டு, சரியில்லை என்று,
மறுபடியும் மாட்டுகிறேன்.
எல்ஸ்பெத் கீழேயிருந்து கத்துகிறாள், நேரமாகிறதாம்.

ஆகட்டும்.