இருபத்தேழாம் எண்

ட்யூஸானில் ஜூன் மாதம்.
வெளியே பாரன்ஹீட் நூற்றுப் பதினொன்று.
உள்ளே,
ரயில்வே கிடங்கை வெள்ளையடித்துச் செய்த கூடத்தில்
நாற்பத்தொரு ஏர் கூலர்கள்
தரையில் நிற்கின்றன,
கூரையைப் பறிகொடுத்த முகத்தோடு.

இட்செல் வெர்தூகோ கொண்டுவந்தவை.
எல் மெஸ்கீட்டே ட்ரெய்லர் பார்க்கை இடித்த வாரம்
பழைய இரும்புக்காரனை முந்திக்கொண்டு
ஒன்றுக்குப் பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கினாள்.
துருவைத் துடைக்கவில்லை.
புறா எச்சத்தையும் அப்படியே விட்டாள்.
"பாவ்தேலியோ, துணியோடு கிட்டே வந்தே, கையை ஒடிச்சிடுவேன்."
நான் காவலாளி.
துடைப்பது என் வேலை இல்லை,
பார்ப்பவர்களைப் பார்ப்பது.

சுவிட்சைப் போட்டால்
நீர் இறங்கும், மரச்சுருள் நனையும்,
ஒரு வாசனை வரும்.
எப்படிச் சொல்ல,
மதியத் தூக்கத்தின் அடிவண்டல்.
மூக்கைச் சுளிக்கிறார்கள் கோட்டு போட்டவர்கள்.
பிறகு ஏனென்று தெரியாமல்
அங்கேயே நிற்கிறார்கள்.

இருபத்தேழாம் எண் மட்டும் ஓடவில்லை.
மூன்று எலக்ட்ரீஷியன்கள் பார்த்தார்கள்.
மோட்டார் சரி. வயர் சரி.
நோய் நொடி இல்லாமல் செத்துப்போன ஆள் மாதிரி
உட்கார்ந்திருந்தது.
ஓர் இரவு முழுக்க இட்செல் அதன் எதிரே குந்தியிருந்தாள்.
காலையில் சுவரில் அட்டை ஏறியது:
நாற்பது குரல்கள், ஒரு மௌனம்.
திரும்பி வராதவர்களுக்கு.

பத்திரிகைக்காரர் மௌனத்தைப் பற்றி
இரண்டு பத்தி எழுதினார், மற்ற நாற்பதுக்கும் ஒரு வரி.
சாண்டா ஃபேயிலிருந்து வந்த தம்பதி
தலை கவிழ்ந்து நின்றார்கள்.
நானும் ஒருமுறை, யாரும் இல்லாதபோது,
தொப்பியைக் கழற்றினேன்.
பொய் சொல்வானேன்.

வியாழக்கிழமை டிக்கெட் கிடையாது.
வியாழக்கிழமைதான் அவள் வந்தாள்,
பள்ளிக்கூடச் சமையலறைச் சீருடையில்,
தலைவலையை எடுக்க மறந்து.
வரிசை வரிசையாக நடந்தாள்.
கலை பார்ப்பவர்களின் நடை இல்லை அது,
பள்ளி விட்ட கூட்டத்தில்
தன் பிள்ளையைத் தேடுகிற நடை.
இருபத்தேழில் நின்றாள்.
பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு நெளிவு.
"ராமிரோ ஏணியோட விழுந்தப்ப"
என்றாள்,
என்னிடம் இல்லை, நெளிவிடம்.

தொடக்கூடாதும்மா என்று நான் வாய் திறக்குமுன்
உள்ளங்கையால் இடப்பக்கம் ஒரு தட்டு.
ஒரு சாண் கீழே இன்னொன்று.
வேலைக்கு நேரமாகிவிட்ட புருஷனை எழுப்புகிற தட்டு,
கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

கனைத்தது.
இருமியது.
இரண்டு கோடையின் தூசியை
அவள் மார்பில் துப்பிவிட்டு
ஓட ஆரம்பித்தது.

"இதுக்கு எப்பவும் ரெண்டு தட்டு,"
என்றாள் சீருடையை உதறியபடி.
"எங்ககிட்ட யாருமே கேக்கலையே."

பொறுப்பாளர் ஓடிவந்தார், காப்பீடு என்றார்,
படைப்பின் ஆன்மா என்றார்.
இட்செல் மாலையில்தான் வந்தாள்.
காதைத் தகரத்தில் வைத்து
வெகு நேரம் கேட்டாள்.
சிரித்தாளா அழுதாளா,
பின்னாலிருந்து பார்த்தால் தோள் மட்டும்தானே தெரியும்.
அட்டையை எடுக்கவா என்றேன்.
"இருக்கட்டும். நான் அவ்வளவு தப்பா நினைச்சேன்னு
நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஆகஸ்ட் வரை அட்டை இருந்தது.
அதைப் படித்துவிட்டு
ஓடுகிற கூலரின் முன் இன்னமும் சிலர்
மௌனமாக நின்றார்கள்,
முடி காற்றில் பறக்க.

காலை ஒன்பதரைக்குச் சுவிட்சைப் போட்டதும்
இடப்பக்கம் ஒன்று, ஒரு சாண் கீழே ஒன்று.
என் வேலைப் பட்டியலில் அது இல்லை.
வியாழன் மட்டும் தட்டுவதில்லை.
ஒதீலியா வந்து தட்டட்டும் என்று
மூன்று மணி வரை
அதைச் சும்மா விட்டுவைப்பேன்.