முப்பத்தெட்டு கிராம்

வண்ணார்பேட்டையில், டயர்கடைக்கு மேலே என் அறை.
மேசையில் ஒன்பது கண்ணாடிகள்.
எட்டு தோற்றவை.

முதலாவதைப் போட்டுக்கொண்டு டீ குடிக்க இறங்கினேன்.
"என்ன சார், வெல்டிங் வேலையா?" என்றார் மாஸ்டர்.
நான்காவது காதோரம் சுட்டது.
ஆறாவதை மூக்கு தாங்கவில்லை.

எனக்கு வேண்டியது
மின்வாரியக் கவுண்டரில் சில்லறை இல்லை என்பவர்
போட்டிருப்பாரே, அந்தக் கறுப்புச் சட்டம்.
திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லாத சட்டம்.
பேட்டரியைக் காதுக்குப் பின்னால் வளைத்தேன்.
மைக்கைத் திருகின் தலைக்குள் ஒளித்தேன்.
அரை கிராம் குறைந்த இரவில்
பைபாஸில் இரண்டு புரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

ஒன்பதாவதை பிரிஸ்கில்லா போட்டுப் பார்த்தாள்.
ஏழு வயதுக் காய்ச்சலில் காது போனவள்,
பாளையங்கோட்டையில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறாள்.
யார் பேசினாலும் வலது கண்ணோரம் எழுத்தாக ஓடும்,
அவளுக்கு மட்டும்.
"கண்ணும் கெட்டுப்போச்சுன்னு நெனப்பாவ. பரவால்ல."

சனிக்கிழமை அம்பாசமுத்திரம் போய்வந்தாள்.
யாருமே கண்டுபிடிக்கவில்லை.
பாக்கி எட்டு ரூபாய் அப்புறம் என்று
கண்டக்டர் முனகியதுகூட வந்ததாம்.

பிறகு கேட்டாள்:
"ஜன்னலோரம் ஒரு அக்கா
பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டுனாவ.
கண்ணாடியில மட்டும்
'எட்டி இரு'ன்னு வந்துச்சு.
வீரவநல்லூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன்.
கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது.
நான் எதை நம்ப?"

ஏட்டி, இரு.

மகளை, மதினியை, முன்பின் தெரியாதவளை
ஒரே இழுப்பில் பக்கத்தில் உட்காரவைக்கிற சொல்.
எங்கோ குளிரூட்டிய அறையில் தமிழ் படித்த மென்பொருள்
அதன் நெடிலை நறுக்கிவிட்டது.

முன்பு அவள் உதட்டைப் படிப்பாள்.
அப்படி உற்றுப் பார்ப்பவளிடம்
ஜனங்கள் இன்னொரு தடவை சொல்வார்கள்.
சனிக்கிழமை அவள் எல்லாரையும் போல இருந்தாள்.
அந்த அக்கா ஒரு தடவைதான் சொன்னாள்.
பிறகு மடியில் பூசணிக்காயோடு
வெளியே திரும்பிக்கொண்டாள்.

எ-வின் காலில் ஒரு சாய்ந்த கோடு.
என் தராசில் வைத்தால்
எண் மாறாது.

திங்கள் காலை அதே பஸ்.
ரிக்கார்டரைப் பையில் வைக்கவில்லை,
பார்ப்பவர் பார்க்கட்டும் என்று கையில் பிடித்திருக்கிறேன்.
பத்தமடை தாண்டியாயிற்று.
யாராவது யாரையாவது கூப்பிடட்டும் என்று
கம்பியைப் பிடித்து
நின்றுகொண்டே போகிறேன்.