3117

இஷிமோரி சான் ஊர் திரும்புகிறார்.
வெள்ளிக்கிழமை கேன்டீனில் விருந்து,
நம்ம ஆட்கள் மூணு பேர் ஜப்பான் பாட்டுப் பாடினால்
நல்லா இருக்கும் என்றார் ஹெச்.ஆர்.
பாட்டை நான் பொறுக்க வேண்டும்.
மொழிபெயர்ப்பாளர் என்றால் இதுவும் வேலைதான்,
போன மாதம் அவருக்குப் பல் டாக்டர் பார்த்துக் கொடுத்ததுபோல.

மூவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.
சென்னகேசவனுக்கு மூச்சு எட்டு எண்ணும்வரைதான்.
நஞ்சுண்டனின் இடது காது பிரஸ் ஷாப்பில் போய்விட்டது.
அன்வர் பாஷாவுக்குக் குரல் உண்டு,
சூளகிரி மண்டியில் தக்காளி ஏலம் கூவிய குரல்,
ஆனால் ஒரே உயரத்தில் நிற்கும்
கிரேனில் தொங்கும் டை மாதிரி.

பாகலூர் ரோட்டு அறையில் இரண்டு ராத்திரி
விடிய விடியக் கேட்டேன்.
அந்த வயது ஆண்களுக்கென்றே
அங்கே மூட்டை மூட்டையாய் எழுதி வைத்திருக்கிறார்கள்:
துறைமுகம், கடைசி ரயில்,
கிண்ணத்துச் சாராயத்தில் போனவளின் முகம்.
ஓசூரில் கடலுக்கு எங்கே போவது.
பனி இருக்கிறது. நமக்கு ஒரே சொல்,
அங்கே அது கூரைமேல் குவியும்,
இங்கே முதல் ஷிப்ட் பஸ் கண்ணாடியில்
விரலால் பேர் எழுதுமளவுக்கு.

"அர்த்தம் சொல்லும்மா" என்றார் சென்னகேசவன்.
சொன்னேன்.
"குடிய விட்டு நாலு மாசம் ஆவுது.
பாட்டுலயும் வேணாம்."
அதோடு அறுபத்திரண்டு பாட்டு கழிந்தது. எண்ணினேன்.

நாக்கில் பெரிய தொல்லை இல்லை,
'ட்ஸு' வரும்போது மட்டும் அன்வர் தும்மினார்.
நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை
நஞ்சுண்டன் கன்னடத்தில் மாற்றிக்கொண்டார்
செக் ஷீட்டின் பின்பக்கம்.

வியாழன் மதியம்.
பட்டியலின் அடியில் குழந்தைப் பாட்டுகள்,
கை தவறி விழுந்த எண் 3117.
முதல் நாலு சுரம்,
மூவரும் எழுந்துவிட்டார்கள்.
நஞ்சுண்டன் களி பிசைந்த கையோடு
சுவரில் விளக்குப் பலகையைத் தேடினார்.
அங்கே அன்றைய மெனுதான் இருந்தது.
"எந்த ஸ்டேஷன்?" என்றார் அன்வர் பாஷா.

பத்தொன்பது வருடம்
இரண்டாம் லைன் நின்றால் ஒலித்த மெட்டு.
கேட்டதும் ஓட வேண்டும்.
எத்தனை நிமிடம் நஷ்டம் என்று எழுத வேண்டும்.
ஏன், ஏன் என்று ஐந்து கட்டம் நிரப்ப வேண்டும்.
அதற்குச் சொற்கள் உண்டென்று
இவர்களுக்குத் தெரியாது. எனக்கும்தான்.

திரையில் நீல எழுத்தில் ஓடின:
இருட்டப் போகுது
வயலை விட்டு ஏறி வா
காலெல்லாம் சேறா, இருக்கட்டும்
கதவு சாத்தலை.

நான் சொல்லச் சொல்ல
அன்வர் மெல்ல உட்கார்ந்தார்.
"இதப் போட்டா நம்மள இத்தன நாளு..."
நஞ்சுண்டன் சிரித்தார், பிறகு கோபித்துக்கொண்டார்,
யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.
சென்னகேசவன் ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தார்.
எட்டுக்குள் அடங்கியது.
"மூணு பேருக்கும் இது ஒண்ணே போதும்."

வெள்ளி இரவு மெஷின் நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டது.
இஷிமோரி சான் கைதட்ட மறந்து
மேலே பார்த்தார், விளக்கு எரிகிறதா என்று.
பிறகு சொன்னார், நான் சொல்லுக்குச் சொல் மாற்றினேன்:
"லைன் போட வந்த வருஷம் இதைப் பொறுக்கினது நான்தான்.
பெட்டியில் அஞ்சு மெட்டு இருந்தது.
காதைக் கிழிக்காதது இது ஒண்ணுதான்.
அப்ப உங்களுக்கெல்லாம் முப்பது வயசு."
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.
யாரோ தயிர்ப் பச்சடியை நகர்த்தினார்கள்.

திங்கள், பத்து நாற்பது.
மெட்டு.
நஞ்சுண்டன் ஓடுகிறார், உதடு அசைகிறது.
ஆறாம் ஸ்டேஷன், சென்சாரில் எண்ணெய்.
நாலரை நிமிடம்.
சாயங்காலம் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது.
முதல் 'ஏன்' கட்டத்தில் எண்ணெய் என்று இருக்கிறது.
மற்ற நாலும் காலி.